சேர்ந்து போடும் கையெழுத்து



சென்ற இதழில் மளிகைக் கணக்கைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் பெரிய கணக்கு, கடல் கடந்த கணக்கு. "சாம்பார்ப் பொடிக்கு அளவு சொல்கிறவள் அமெரிக்க வருமான வரிக்கு எங்கே போனாள்?" என்று சிரிக்காதீர்கள். நம்மில் எத்தனையோ பேர் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் இன்று அங்கேதான் குடித்தனம் நடத்துகிறார்கள். இதைப் படிக்கிற இளம் தாய்மார்களில் சிலர் அங்கிருந்தே படிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்; வேண்டியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

என் அக்கா மகள் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறாள். ஹெச்-1பி விசாவில் வேலை. வருஷச் சம்பளம் 80,000 டாலர். மாப்பிள்ளை 2022 ஆகஸ்டில் எஃப்-1 மாணவர் விசாவில் போனவர். ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். பல்கலைக்கழகம் அவருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கிறது. கட்டணம் 30,000 டாலரை அவர்களே கட்டிக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் என்று 24,000 டாலர் தனியாகக் கையில் தருகிறார்கள். 2025 ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது.

2026 மார்ச் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் குழந்தை, கையில் காகிதம்.

"சித்தி, சித்தப்பா இருக்காரா? ஏப்ரல் 15-க்குள்ள வரிக் கணக்கு அனுப்பணும். இங்கே ஒரு கணக்கர் எல்லாம் எழுதி அனுப்பிட்டார். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து கொடுத்தாத்தான் லாபம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கன்னு சொல்றார். போட்டுடலாமா?"

எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதியவர். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ அதைப் படிச்சியா?" என்பதுதான்.

"இல்லே சித்தப்பா, இருபது பக்கம் இருக்கு. இவ அழுதுண்டே இருக்கா."

"அப்போ கையெழுத்தை நிறுத்தி வை."

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழாது. இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வரிக் கணக்குக் கொடுக்கும் முறை கிடையாது. அவரவர் வருமானத்துக்கு அவரவர் கணக்கு. படிப்புச் செலவுக்காகத் தரும் உதவித்தொகைக்கும் இங்கே வருமான வரி இல்லை. அதனால்தான் "ஸ்காலர்ஷிப்புக்கு வரியா? படிக்கிற பிள்ளை வயிற்றில் அடிப்பார்களா?" என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். அங்கே சட்டம் வேறு. அடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், அமெரிக்க வரித்துறையே இலவசமாக வெளியிடும் 519-ஆம் எண் கையேட்டை அவர்கள் அங்கேயும் நாங்கள் இங்கேயும் திறந்து வைத்துக்கொண்டு படித்தோம். எனக்குப் புரிந்ததை என் பாணியில் சொல்கிறேன்.

<b>ஸ்காலர்ஷிப்பில் எதற்கு வரி?</b>

பட்டப் படிப்பு மாணவருக்குக் கிடைக்கும் உதவித்தொகையில் கல்விக் கட்டணம், கட்டாயமாக வாங்க வேண்டிய புத்தகம், உபகரணம் ஆகியவற்றுக்குப் போகிற பங்குக்கு வரி இல்லை. சாப்பாடு, வாடகை, பயணம் என்று போகிற பங்குக்கு வரி உண்டு. 1986-இல் அமெரிக்க வரிச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு இது. எங்கள் மாப்பிள்ளையின் 30,000-க்கு வரி இல்லை. 24,000-க்கு உண்டு. அந்த 24,000-இல் 14 சதவீதம், அதாவது 3,360 டாலரைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே பிடித்துக் கட்டிவிட்டது. அதற்கு அத்தாட்சி 1042-எஸ் என்ற படிவம். மார்ச் 15-க்குள் அது கைக்கு வர வேண்டும். சம்பளத்துக்கு வரும் டபிள்யூ-2 படிவம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

<b>ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் வெளியாளா?</b>

ஆமாம் சகோதரிகளே, வேடிக்கைதான்! ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அவள் அந்நாட்டில் வசிப்பவள், அவர் வசிக்காதவர். அங்கே தங்கிய நாட்களை எண்ணித்தான் இதைத் தீர்மானிக்கிறார்கள். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருஷங்களின் நாட்களை எண்ணுவதில்லை. ஆகஸ்டில் போனாலும் அந்த வருஷம் முழு வருஷமாகவே கணக்கு. ஆகவே மாப்பிள்ளைக்கு 2022 முதல் 2026 வரை ஐந்து வருஷம். மாணவருடன் எஃப்-2 விசாவில் போகும் மனைவிக்கும் இதே விதிதான்.

இருவருமே வசிக்காதவர் என்றால் சேர்ந்து கணக்குக் கொடுக்கவே முடியாது. ஒருவர் வசிப்பவராக இருந்து மற்றவர் வசிக்காதவராக இருந்தால், "இவரையும் வசிப்பவராகவே நடத்துங்கள்" என்று இருவரும் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையை இணைத்துச் சேர்ந்து கொடுக்கலாம். 1976-இல் வந்த சலுகை அது. அந்த அறிக்கை இல்லாமல் வெறுமனே சேர்த்து அனுப்புவது தப்பு. எங்கள் பெண்ணுக்கு வந்த காகிதக் கட்டில் அது இல்லவே இல்லை!

<b>நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி</b>

வீட்டுக்காரர் நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் "சேர்ந்து", மறுபக்கம் "தனித்தனி". எல்லாம் 2025-ஆம் வருஷக் கணக்கு. தொகைகள் ஏறத்தாழச் சொல்கிறேன்.

முதலில் குழந்தையை மறந்துவிட்டுப் போட்டார்.

சேர்ந்து கொடுத்தால் மொத்த வருமானம் 1,04,000 டாலர். தம்பதிக்கு உண்டான ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது கேள்வி கேட்காமல் எல்லோருக்கும் தரும் கழிவு, 31,500. மீதி 72,500-க்கு வரி 8,225 டாலர்.

தனித்தனியாகக் கொடுத்தால் அவளுடைய 80,000-இல் 15,750 கழித்து மீதிக்கு வரி 9,050. மாப்பிள்ளைக்கு 24,000-இல் 15,750 கழித்து மீதி 8,250-க்கு வரி 825. இரண்டும் சேர்ந்து 9,875. வசிக்காதவர்களுக்குப் பொதுவாக இந்தக் கழிவு கிடையாது. ஆனால் 1989-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு நம் நாட்டு மாணவர்களுக்கு மட்டும் இதைத் தருகிறது. பலர் இது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆக, சேர்ந்தால் 1,650 டாலர் லாபம். "கணக்கர் சொன்னது சரிதானே?" என்றேன் நான்.

"பொறு" என்றார். "குழந்தை இருக்கே!"

அங்கேதான் விஷயம் திரும்பியது. கணவர் வசிக்காதவராக இருந்து, மனைவி சேர்ந்து கொடுக்கச் சம்மதிக்காமல், தன்னோடு இருக்கும் குழந்தைக்காக வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் தானே செய்தால், அந்த மனைவி "குடும்பத் தலைவர்" என்ற வகுப்பில் கணக்குக் கொடுக்கலாம். வருஷ நடுவில் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். இந்த வகுப்புக்குக் கழிவு 23,625. வரி விகிதமும் இறக்கம். அவளுடைய 80,000-இல் அதைக் கழித்தால் மீதி 56,375. வரி 6,425. மாப்பிள்ளையின் 825-ஐச் சேர்த்தால் 7,250. சேர்ந்து கொடுத்தால் 8,225! குழந்தைக்கான வரிச் சலுகை இரண்டு வழியிலும் கிடைப்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

பாருங்களேன், குழந்தை இல்லாத வரை சேர்வது லாபம். குழந்தை வந்ததும் தனித்தனிதான் லாபம், 975 டாலர்! கணக்கர் குழந்தை உண்டா என்று கேட்டாராம்; கணவருக்கு என்ன விசா என்று கேட்கவில்லையாம்.

<b>கேட்காமல் இருந்த ஒரு கேள்வி</b>

பணக் கணக்கு இதோடு முடிந்தது. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை.

சேர்ந்து கொடுக்கும்போது இருவரும் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அதனால் வீட்டுக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "மாப்பிள்ளை, இந்தியாவிலே உங்க பேர்ல வருமானம் ஏதாவது உண்டா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "திருச்சியிலே ரெண்டு கடை இருக்கு மாமா. அப்பா என் பேருக்கு எழுதி வெச்சது. மாசம் நாற்பதாயிரம் வாடகை வரும். அது அம்மாவோட சாப்பாட்டுப் பணம். என் வருமானம்னு நான் நினைச்சதே இல்லே."

எங்கள் பெண்ணின் முகம் வாடிவிட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம். கடை இருப்பது தெரியும். அது அவர் பேரில் இருப்பது தெரியாது. "எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே சித்தி" என்றாள்.

வருஷத்துக்கு 4,80,000 ரூபாய். டாலரில் ஐயாயிரத்துக்கு மேல். சேர்ந்து கொடுத்தால், செலவு போக மீதியை அதில் காட்டியே ஆக வேண்டும். இங்கே வரி கட்டியிருந்தால் அங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. அந்த வாடகையில் 30 சதவீதக் கழிவு போனால் நம் ஊர் விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. வரியே இல்லாதபோது கழிக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளை தனியாக வசிக்காதவர் கணக்குக் கொடுத்தாலோ, திருச்சி வாடகையை அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டியதே இல்லை.

அந்தக் காகிதக் கட்டில் வாடகை இல்லை. அவள் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால்? "இதில் உள்ளது முழுவதும் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன்" என்ற உறுதிமொழியின் கீழ்தான் அந்தக் கையெழுத்து விழுகிறது. சேர்ந்து கொடுத்த கணக்கில் பாக்கி வந்தால், "பாதி உன்னுடையது, பாதி என்னுடையது" என்ற பேச்சுக் கிடையாது. முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம். பிற்காலத்தில் பிரிந்துவிட்டாலும் அந்தப் பொறுப்பு விடாது. "எனக்குத் தெரியாது, நான் நிரபராதி" என்று நிவாரணம் கேட்க 8857 என்ற படிவம் இருக்கிறது. ஆனால் தெரியாது என்பதை நிரூபிக்கிற பாடு நம்முடையது.

"படிக்காமல் போட்டேன்" என்பது சமாதானம் ஆகுமா, சொல்லுங்கள்!

அவள் கோபத்தில் இருக்கும்போதே வீட்டுக்காரர் அடுத்த கேள்வியை அவளிடமே போட்டார். "சரிம்மா, உன் பேர்ல இங்கே என்ன இருக்கு?"

"எனக்கு என்ன சித்தப்பா... ஒண்ணும்..." என்று இழுத்தவள் சட்டென்று நிறுத்தினாள். கல்யாணத்துக்கு முன் என் அத்திம்பேர் அவள் பேரில் வங்கியில் போட்ட டெபாசிட்! அவளே மறந்துவிட்டாள். அவள் அங்கே வசிப்பவள் ஆயிற்றே. சேர்ந்தாலும் தனியானாலும் அந்த வட்டியை அவள் காட்டத்தான் வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள பணம் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் என்று தனி அறிக்கையும் கொடுக்க வேண்டும். முன் வருஷங்களில் விட்டுப்போனதை 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கொடுக்க வேண்டும்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சகோதரிகளே. நம் குடும்பங்களில் பணத்தைப் பேசுவது அசிங்கம் என்று வளர்த்துவிட்டோம். அம்மாவின் சாப்பாட்டுப் பணம், அப்பாவின் டெபாசிட் என்று ஒவ்வொன்றுக்கும் பாசத்தின் பேரை வைத்து மூடிவிடுகிறோம். வரிப் படிவத்துக்கு அந்தப் பேர்கள் தெரியாது.

<b>என்ன செய்தார்கள்?</b>

தனித்தனியாகக் கொடுத்தார்கள். அவள் 1040 படிவத்தில் குடும்பத் தலைவராக, டெபாசிட் வட்டியையும் காட்டி. அவர் 1040-என்ஆர் படிவத்தில், 1042-எஸ் நகலை இணைத்து. அவருக்கு 3,360 பிடித்திருந்தார்கள் அல்லவா? வரி 825-தான். மீதி 2,535 டாலர் திரும்ப வர வேண்டும். கணக்கே கொடுக்காமல் இருந்திருந்தால் அது போனதுதான்.

ஆனால் இந்தக் கதை எப்போதும் இப்படியே இருக்காது. 2027 முதல் மாப்பிள்ளையின் நாட்களையும் எண்ணத் தொடங்குவார்கள். அவரும் வசிப்பவர் ஆகிவிடுவார். அப்போது தனி அறிக்கை இல்லாமலே சேர்ந்து கொடுக்கலாம். திருச்சி வாடகையையும் காட்டத்தான் வேண்டும். "அதுக்குள்ளே அம்மாகிட்டே பேசி, கணக்கெல்லாம் எழுதி வெச்சுடறேன்" என்றிருக்கிறார்.

<b>கத்தரித்து வைத்துக்கொள்ள</b>

1. முதலில் இருவருக்கும் என்ன விசா, எந்த வருஷம் போனீர்கள் என்று எழுதுங்கள். சேரலாமா கூடாதா என்பது அதில்தான் இருக்கிறது.

2. ஸ்காலர்ஷிப் கடிதத்தைப் பார்த்துக் கட்டணம் எவ்வளவு, சாப்பாடு வாடகைக்கு எவ்வளவு என்று பிரியுங்கள்.

3. சேர்ந்து, தனித்தனி என இரண்டு வழியிலும் கணக்குப் போடுங்கள். குழந்தை இருந்தால் மூன்றாவதாகக் குடும்பத் தலைவர் வழியையும் பாருங்கள். கட்டணத்தைக் கைக்காசிலிருந்து கட்டியிருந்தால், சேர்ந்து கொடுக்கும்போது 2,000 டாலர் வரை கல்விச் சலுகை கிடைக்கலாம். அது கணக்கைத் திரும்பவும் மாற்றும்.

4. அவசரப்பட்டு அந்த அறிக்கையைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அடுத்தடுத்த வருஷங்களுக்கும் அது தொடரும். ஒரு தடவை முடித்துக்கொண்டால் பிறகு அந்த இருவரும் இந்தச் சலுகையைத் திரும்பக் கேட்கவே முடியாது. தனியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சேர்வதுதான் நல்லது என்று தெரிந்தால், பொதுவாக மூன்று வருஷத்துக்குள் திருத்திக் கொடுக்க இடம் உண்டு.

5. சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கத் தகுதி இல்லாத மனைவியோ கணவரோ சேர்ந்து கொடுக்க வேண்டுமானால், டபிள்யூ-7 படிவத்தில் வரி எண் கேட்க வேண்டும்.

6. எஃப்-2 விசாவில் வருமானமே இல்லாமல் வீட்டில் இருக்கும் சகோதரிகளும் 8843 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். "எனக்கு வருமானம் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

7. ஏப்ரல் 15-க்குள் முடியாவிட்டால் 4868 படிவம் கொடுத்தால் அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும். அவகாசம் காகிதத்துக்குத்தான், கட்ட வேண்டிய பணத்துக்கு இல்லை.

8. மாநில வரி தனி. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துக் கணக்கரிடம் போகுமுன், வீட்டா என்ற இலவச உதவி அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு மாணவர் கணக்குத் தெரிந்தவராகக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. கல்யாணத்தில் கைபிடித்தபோது நாம் ஒன்றும் படித்துப் பார்க்கவில்லைதான்! ஆனால் காகிதத்தில் போடும் கையெழுத்து அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை தூங்கும் நேரம், இருவருமாக உட்கார்ந்து "உங்க பேர்ல என்ன, என் பேர்ல என்ன" என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் இருந்தாலும் சரி, அம்பாசமுத்திரத்தில் இருந்தாலும் சரி. படித்த பிறகு சேர்ந்து போடுவதா, தனித்தனியாகப் போடுவதா என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் அந்த நோட்டை எழுதியபோது என்ன வெளியே வந்தது? எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.